கருப்பூரணி ஸ்டாப்

வேலுத்தாயின் கண்ணுக்குக் கருப்பூரணியில் தனி மரியாதை உண்டு. ஊரில் எத்தனையோ கண்கள் இருக்கலாம். அதிகாரியை அடையாளம் காண்கிற கண் அவளுடையது ஒன்றுதான். மூன்று வருஷத்துக்கு முன் பழைய இரும்பு வாங்குகிறவன் என்று ஒருவன் சைக்கிளில் வந்தான். கிழிந்த சட்டை, அழுக்கு லுங்கி, கையில் தராசு, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வேலுத்தாய் அவன் காலைப் பார்த்தாள். கணுக்கால்வரை கறுப்பு, பாதம் மட்டும் வெளுப்பு. ஷூ போட்டு நடக்கிற கால். "இரும்பு எடைக்கு எடுக்கிறவனுக்கு எவன்டி ஷூ வாங்கித் தாரான்?" என்று அவள் தோழி ராக்காயியின் காதில் சொன்ன கால் மணி நேரத்துக்குள், சட்டத்துக்குத் தெரியாமல் வீட்டில் வைத்துப் பட்டாசுத் திரி சுற்றிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரிக்கட்டுகளை நெல்லுக் குலுக்கைக்குள் போட்டு மூடிவிட்டார்கள். வந்தவன் வெறுங்கையோடு போனான். அன்றிலிருந்து ஊருக்குள் எந்தப் புதுமுகம் வந்தாலும், "வேலுத்தாயி பாத்துட்டாளா?" என்பதுதான் முதல் கேள்வி.

இந்தச் சந்தேகப் புத்தியை அவளுக்குக் கொடுத்தது பட்டாசுக் கம்பெனி. ஒரு அறைக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். சீசன் வந்துவிட்டால் அதே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். ரோட்டில் அதிகாரிகளின் ஜீப்புப் புழுதி கிளம்பியதும் ஃபோர்மேன் விசில் அடிப்பார். நாலு பேர் இருந்த இடத்தில் இருப்பார்கள். மிச்சப் பேர் பின்பக்க வேலியைத் தாண்டிச் சீமைக்கருவேலங் காட்டுக்குள் குத்தவைத்திருப்பார்கள். ஜீப் போன பிறகுதான் எழ வேண்டும். காகிதமும் கையுமாக யார் வந்து கேட்டாலும் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே ஒன்று: நாலு பேர். நாலு என்று சொல்லிக் கெட்டவர்கள் யாரும் இல்லை. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு வேலுத்தாய் முதலில் சொல்லிக்கொடுப்பது வெடிமருந்து அடைக்கிற வித்தையை இல்லை, இந்தப் பதிலைத்தான்.

அப்படிப்பட்டவள் தன் மகள் விஷயத்தில் மட்டும் ஒரு பிடிவாதம் வைத்திருந்தாள். ஓவியா பன்னிரண்டாவது பரீட்சை எழுதிவிட்டு, விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம். சேர இடமும் சொல்லிவைத்திருந்தாள். ஜூன் பதினாறாம் தேதி கல்லூரி திறப்பு, காலை ஒன்பதே காலுக்கு மணி. கருப்பூரணியில் நிற்கிற ஒரே டவுன் பஸ் பத்து இருபதுக்கு வரும். மற்ற வண்டியெல்லாம் ஊரைப் பார்க்காததுபோலப் பறந்துவிடும். ஆமத்தூர் வரை ஏழு கிலோமீட்டர் நடந்து போய் பஸ் பிடிக்கலாம் என்றால், இரண்டு பக்கமும் கருவேலங் காடு; ஒற்றைப் பெண் சாயங்காலம் தனியாக நடந்து வருவதா என்று அப்பன் நாகையா ஒத்துக்கொள்ளவில்லை. நாகையா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாத மனுஷன், ஆனால் ஒன்று சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

"பஸ்ஸு இருந்தா அனுப்பு. இல்லேன்னா உங்கூட வேன்ல ஏத்திட்டுப் போ" என்றார். வேன் என்பது கம்பெனி வேன். காலை ஏழு மணிக்குக் கருப்பூரணி ரோட்டில் மூன்று வேன்கள் வந்து நிற்கும். முந்நூறு பேரை நடை நடையாக அடைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போகும். ஆள் சேர்க்கிற ஏஜெண்ட் முனியராஜ் ஏற்கெனவே ஓவியாவுக்கு ஒரு இடம் ஒதுக்கி வைத்திருந்தான். "லேபிள் ஒட்டுற வேலை மதினி. மருந்தையே தொட வேண்டாம்" என்று பார்க்கிற இடத்தில் எல்லாம் சொன்னான். லேபிள் ஒட்ட வந்து மருந்து அடைக்கப் போன பெண்கள் எத்தனை பேர் என்று வேலுத்தாய்க்குத் தெரியும். அவளே அப்படி வந்தவள்தான். "எம்மக அந்த வேன்ல கால வைக்க மாட்டா" என்று அவள் மாரியாத்தா மேல் ஆணையிட்டுச் சொல்லியிருந்தாள். பஸ்ஸுக்கு என்ன வழி என்பதுதான் தெரியவில்லை.

இப்படி இருக்கையில் 2008 ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் ஊருக்குள் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். தலையில் முக்காடு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டையில் செருகிய காகிதக் கட்டு. அடையாள அட்டை காற்றில் திரும்பிக்கொண்டு வெள்ளைப் பக்கத்தைக் காட்டியது. வேலுத்தாய் அதைக் கவனித்துக்கொண்டாள்.

"எம்பேரு சுமைராக்கா. விருதுநகர்ல இருந்து வாரேன். சின்னதா ஒரு கணக்கெடுப்பு."

"எதுக்கு?"

"குட்டி ரயில் விடப் போறாங்கக்கா. விருதுநகர்ல இருந்து ஆமத்தூர் வழியா சிவகாசிக்கு. ரோட்டு ஓரமாவே தண்டவாளம் போட்டு, கரண்டுல ஓடும். எந்த ஊர்ல எத்தனை பேர் ஏறுவாங்கன்னு பாக்கோம்."

ரோட்டு ஓரத்தில் ரயில். வேலுத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. புளுகுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா? சாத்தூர் ரயிலே நேரத்துக்கு வருவதில்லை, இதில் கருப்பூரணிக்கு ஒரு ரயிலா?

சுமைரா கேள்விகளை வாசித்தாள். வீட்டில் எத்தனை பேர்? வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? காலை எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எப்போது திரும்புவீர்கள்? எதில் போகிறீர்கள்? பதினெட்டு வயதுக்குக் கீழே எத்தனை பேர்? ஒவ்வொன்றும் ஜீப்பில் வருகிறவர்கள் கேட்கிற அதே கேள்வி. வார்த்தைகூட மாறவில்லை. கடைசியாக, "ரயில் வந்தா டிக்கெட்டுக்கு மூணு ரூவா தருவீங்களா, அஞ்சு ரூவா தருவீங்களா?" என்று கேட்டபோது வேலுத்தாய்க்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. இல்லாத ஒன்றுக்கு விலை பேசுகிறவள் யோக்கியமானவளாக இருக்க முடியுமா?

"எங்க ஊர்ல வெளிய வேலைக்குப் போறதே நாலு பேருதான் தாயி" என்றாள்.

"ஊருக்கே நாலு பேரா?"

"ஆமா. மத்தவுகள்லாம் ஆடு மேய்க்காக."

சுமைரா சுற்றிலும் பார்த்தாள். ஒரு ஆட்டுப் புழுக்கைகூடக் கண்ணில் படவில்லை. பிறகு அவள் பார்வை வேலுத்தாயின் கைக்கு வந்தது. அலுமினியப் பவுடர் ஏறி ஏறி உள்ளங்கை இரண்டும் ஈயப் பாத்திரம்போல மின்னிக்கொண்டிருந்தன. வேலுத்தாய் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். சுமைரா நாலு என்றே எழுதிக்கொண்டாள். அந்தப் பெண் அடுத்த தெருவுக்குப் போகுமுன் வேலுத்தாயின் சேதி போய்விட்டது. வள்ளித்தாய் நாலு பேர் என்றாள். பலவேசம் நாலு பேர் என்றார். பொன்னுத்தங்கம் மட்டும் பதற்றத்தில் மூன்று என்று சொல்லிவிட்டு, ராக்காயி தொண்டையைச் செருமியதும் நாலு என்று திருத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் வேலுத்தாய்க்கு ஏகப்பட்ட புகழ். "ரயிலு விடுறாளாம்ல ரயிலு" என்று ராக்காயி சிரித்தாள். "ரயிலுன்னு சொல்லி நெலத்த அளந்துட்டுப் போவாக. நாளைக்கு நெலத்த எடுக்க மஞ்சக் கல்லு நடுவாக. எல்லாம் ஒரே கூட்டந்தான்டி." இருவரும் இருபது வருஷமாக ஒரே அறையில் எதிரெதிராக உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள். சந்தேகப்படுவதில் வேலுத்தாய் கண் என்றால் ராக்காயி காது.

மே மாதக் கடைசியில் ஓவியா சான்றிதழ் ஜெராக்ஸ் எடுக்க ஆமத்தூருக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் வெந்துபோயிருந்தது. நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"எம்மா, ஒரு பிள்ளை வந்து கணக்கெடுத்துச்சே, அது நெசம்மா."

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்ததை அவள் வரி வரியாக வாசித்தாள். குட்டி ரயில் திட்டம் உண்மைதான். பணத்தில் ஒரு பங்கு டெல்லி தரும், ஒரு பங்கு சென்னை தரும், மீதியை ஒரு வெளிநாட்டு வங்கி கடனாகத் தரும். தலையெண்ணிக்கை பார்க்காமல் வங்கிக்காரர்கள் ஒரு பைசாவைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். அதனால் தண்டவாளம் போடுவதற்கு முன்னால், அதே வழியில், அதே ஸ்டாப்புகளில் நின்று போகிற மாதிரி ஒரு வருஷம் வெள்ளோட்டமாக பஸ் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். காலை ஆறரையிலிருந்து அரை மணிக்கு ஒரு பஸ், ஜூன் பதினாறாம் தேதி முதல். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் செலவு இருப்பதால், தினமும் நூறு பேருக்குக் குறைவாக ஏறுகிற ஊர் பட்டியலில் இல்லை.

"கருப்பூரணின்னு எழுதிக் கோடு போட்டு அடிச்சிருக்கும்மா. பக்கத்துல நாலுன்னு போட்டிருக்கு."

வேலுத்தாய் அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் ஊர் வாயையும் சேர்த்துக் கெடுத்திருந்தாள். மகளுக்காக மாரியாத்தாளிடம் கேட்ட பஸ்ஸை, அது வாசல்வரை வந்து ஆள் கணக்குக் கேட்டபோது, ஆடு மேய்க்கிறோம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதானே!

நோட்டின் கடைசி வரியில் ஒரு வழி இருந்தது. வருகிற புதன்கிழமை விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம். முனியராஜிடம், இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேர்த்திக்கடன் என்று பொய் சொல்லி லீவு எடுத்துக்கொண்டு, வேலுத்தாய் மகளோடு புறப்பட்டாள்.

மண்டபத்தில் மணவறை இருக்க வேண்டிய மேடையில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. விருதுநகரிலிருந்து சிவகாசி வரை சிவப்புக் கோடு, கோட்டில் பொட்டுப் பொட்டாக ஸ்டாப்புகள். கருப்பூரணி இருக்க வேண்டிய இடத்தில் கோடு மட்டும் நேராக ஓடியது. சுவர் ஓரமாகச் சுமைரா நின்றுகொண்டிருந்தாள். திட்டத்தை வகுக்கிற என்ஜினீயர் லட்சுமிகாந்தம் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். பட்டாசுக் கம்பெனிகள் தங்கள் தொழிலாளர்களுக்காகத் திட்டத்தில் ஒரு பங்கு பணம் போட வேண்டும் என்று அவர் கேட்டபோது, கம்பெனிப் பக்கத்து நாற்காலிகளில் எல்லோரும் காற்றாடியை அண்ணாந்து பார்த்தார்கள். அந்த வரிசையில் முனியராஜும் உட்கார்ந்திருந்தான். குட்டி ரயில் வந்தால் அவன் வேனுக்கு யார் வருவார்கள்?

அவன் திரும்பினான். வேலுத்தாயைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இருக்கன்குடி மாரியாத்தா எப்ப மதினி விருதுநகருக்குக் குடி வந்தா?"

வேலுத்தாய் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஆனால் கருப்பூரணி என்று லட்சுமிகாந்தம் வாசித்ததும் கால்கள் தானாக எழுந்துவிட்டன.

"ஐயா, எங்கூர்ல நாலு பேரு இல்ல. முந்நூறு பேரு போறோம்."

லட்சுமிகாந்தம் கண்ணாடியைக் கழற்றினார். கோபக்காரர் இல்லை, அலுத்துப்போனவர். "இந்தாங்கம்மா, போன வாரம் ஒரு ஊர்ல சம்பந்தக்காரங்க ஊர்ல இருந்தெல்லாம் லாரி வச்சு ஆள் கூட்டிட்டு வந்து ரோட்டுல நிறுத்திட்டாங்க. ஸ்டாப்பு கிடைக்கும்னா நாலு முந்நூறாயிடும், எனக்குத் தெரியும். அன்னைக்கு நாலுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நாந்தான் சொன்னேன்."

"அப்ப அது பொய்யா, இது பொய்யா?"

மண்டபம் சிரித்தது. அன்றைக்கு ஏன் பொய் சொன்னோம் என்று சொல்ல வேண்டுமானால், அறைக்கு எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வரிசை தள்ளி முனியராஜ் கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தான். அதைச் சொன்னால் கம்பெனிக்குப் பூட்டு. கருப்பூரணியில் முந்நூறு அடுப்புக்குப் பூட்டு. வாழ்நாள் முழுக்க எல்லோரையும் சந்தேகப்பட்டவளை இன்று ஒரு மண்டபமே சந்தேகப்பட்டது. அது எவ்வளவு கசக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"பொய்யோ நெசமோ, நீங்க வந்து எண்ணிப் பாருங்கய்யா" என்றாள்.

சுமைரா கையைத் தூக்கினாள். "சார், அந்த ஊர்க் கணக்கு நான் எடுத்தது. வெள்ளிக்கிழமை காலையில நானே போய் ரோட்டுல நின்னு எண்ணிட்டு வாரேன் சார்." லட்சுமிகாந்தம் தலையசைத்தார். ரோட்டுக்கு வருகிற ஆளைத்தான் எண்ண வேண்டும், வாய்ச்சொல்லை எழுதக் கூடாது என்றார். வெளியே வந்ததும் வேலுத்தாய் சுமைராவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இதுல கம்பெனி பேரு எதுவும் வருமா தாயி?" வராது என்றாள் அந்தப் பெண். தலைக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். வேலுத்தாய் அதை நம்பினாள் என்று சொல்ல முடியாது; பாதி நம்பினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகப் போனாள். நாளைக்கு ஒரே ஒரு நாள் ரோட்டில் வந்து நில்லுங்கள், ஒன்றும் பேச வேண்டாம், நின்றால் போதும் என்றாள். பலவேசம் பீடியைக் கீழே வைக்காமலே கேட்டார். "ஏத்தா, நாலுன்னு சொல்லச் சொன்னது நீயி. இப்ப நூறுங்கிறதும் நீயி. எந்த வேலுத்தாய நாங்க நம்ப?" பொன்னுத்தங்கம் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு பேசினாள். வள்ளித்தாய் வீட்டில் ஆள் இருந்தும் குரல் வரவில்லை. ராக்காயி மட்டும் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர்களை அரள வைத்தவளே அவள்தான். இப்போது பேய் இல்லை என்று அவளே சொன்னால் யார் கேட்பார்கள்? அவளுக்குப் பின்னாலேயே முனியராஜின் சேதியும் வீடு வீடாகப் போனது. நாளைக்கு வேன் ரோட்டுக்கு வராது, கண்மாய்க் கரைக்குப் பின்னால் நிற்கும், காட்டு வழியாக வந்து ஏறிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கே சுமைரா ஒரு டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கிப் புளியமரத்தடியில் நின்றாள். வேலுத்தாயும் ஓவியாவும் ரோட்டில் நின்றார்கள். ஆறே முக்கால் ஆனது. ஏழு ஆனது. ஒரு நாய் ரோட்டைக் கடந்து போனது.

"யாரும் வரலையேக்கா" என்றாள் சுமைரா.

வேலுத்தாய் ரோட்டுக்குத் தெற்கே இருந்த கருவேலங் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து கண்மாய்க் கரைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை ரோட்டை ஒட்டி அதற்குள்தான் போகிறது. முள்ளுக்கு நடுவே ஒரு மஞ்சள் தெரிந்தது. அது பொன்னுத்தங்கத்தின் சேலை. அதற்குப் பக்கத்தில் ஒரு நீலம், ஒரு பச்சை, ஒரு தூக்குவாளியின் பளபளப்பு. சுமைரா நிற்பதைப் பார்த்துவிட்டுக் காடு முழுக்கக் குத்தவைத்திருக்கிறது. எப்படிக் குனிய வேண்டும், வளையல் சத்தம் கேட்காமல் எப்படிக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தபடியே ஒரு பிசகில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குப் பெருமைப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அடுத்த நொடி ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏ பொன்னுத்தங்கம்! மஞ்சச் சேல தெரியுது, எந்திரிடி!"

காடு அசையவில்லை.

"ஏ ராக்காயி! அந்த ஆவாரஞ் செடிக்குப் பின்னால இருக்கது நீதான?"

ஆவாரஞ் செடிக்குப் பின்னாலிருந்து ராக்காயியின் குரல் வந்தது. "ராக்காயி இங்கன இல்ல!"

சுமைரா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு பேனாவை எடுத்துக் காகிதத்தில் ஒரு கோடு போட்டாள். "ரோட்டோரமா இருந்து பேசுனாலும் சரிதான்க்கா. கூப்பிடுங்க."

வேலுத்தாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளுக்குத் தெரியாத பேரா? தெரு வரிசையாக, வீட்டு வரிசையாகக் கூப்பிட்டாள். பலவேசம் "நான் இன்னைக்கு லீவு!" என்றார், ஒரு கோடு. பொன்னுத்தங்கம் "நான் ஆடு மேய்க்கேன்!" என்றாள், ஒரு கோடு. வள்ளித்தாய் இருமலை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினாள். அதற்கும் ஒரு கோடு. யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். சிரிப்பு பக்கத்தில் தொற்றியது. முள் குத்தி, கால் மரத்து, இனி மறைந்திருந்து என்ன பிரயோஜனம் என்று ஒருவர் எழுந்தார், பிறகு நாலைந்து பேர், பிறகு காடே எழுந்து நின்றது. சுமைராவின் பேனா ஓடியது. "நூறு தாண்டிருச்சுக்கா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இருநூறு" என்றாள்.

கண்மாய்க் கரையில் ஹாரன் அடித்தது. ஆள் வரவில்லையே என்று முனியராஜ் காட்டு வழியாக நடந்து வந்தான். நின்றவர்களைப் பார்த்தான், சுமைராவைப் பார்த்தான், வேலுத்தாயிடம் வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"மதினி, அந்தக் காயிதத்த வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டு வண்டில ஏறுங்க. ஒண்ணும் நடக்கல, நானும் ஒண்ணும் பாக்கல. இல்லேன்னா இனிமே என் வண்டில உங்களுக்கு இடமில்ல. வேற எந்தக் கம்பெனி வண்டிலயும் இருக்காது, அதையும் நான் பாத்துக்கிடுவேன்."

வேலுத்தாய் சுமைராவிடம் கையை நீட்டினாள். அந்தப் பெண் தயங்கிக் காகிதத்தைக் கொடுத்தாள். ஊர்ப் பேர், தேதி, மணி, அதற்குக் கீழே கோடுகள். வேலுத்தாய் எழுத்துக் கூட்டி மூன்று தடவை வாசித்தாள். கம்பெனிப் பேர் இல்லை. ஆள் பேரும் இல்லை. ஆனாலும் இந்தப் பெண் நல்லவள் என்று யார் கையடித்துச் சொன்னார்கள்? நாளைக்கே இந்தக் கோடுகள் ஜீப்பில் ஏறி கம்பெனி வாசலுக்கு வராது என்பதற்கு என்ன அத்தாட்சி? பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. வெள்ளையாக இருந்ததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. கிழித்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"எம்மா" என்று ஓவியா அவள் முழங்கையைத் தொட்டாள். "வேலையக் கெடுத்துக்கிடாத. கிழிச்சிரு. நானும் உங்கூட வேன்ல வாரேன்."

அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவளால் கேட்க முடியவில்லை. காகிதத்தைச் சுமைராவின் கையில் திணித்தாள். "கொண்டு போ தாயி. வெரசாப் போ." சுமைரா அதை மடித்துப் பைக்குள் வைத்து, வண்டியைத் தள்ளிக் கிளப்பிக்கொண்டு விருதுநகர்ப் பக்கம் போனாள்.

முனியராஜ் கையைத் தட்டினான். "ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு." ஆட்கள் தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்தார்கள். சற்று முன் சிரித்த முகங்களில் சிரிப்பு இல்லை. பலவேசம் வேலுத்தாயைச் சுற்றிக்கொண்டு போனார். பொன்னுத்தங்கம் தலையைக் குனிந்துகொண்டாள். ராக்காயியின் பெண்கள் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு போனார்கள். பெரியவளுக்கு ஓவியாவின் வயது, சின்னவள் அவளுக்கும் இளையவள். லேபிள் ஒட்டத்தான் சேர்ந்தார்கள்.

ராக்காயி மட்டும் பின்தங்கினாள். எல்லோரும் முன்னால் போகட்டும் என்று காத்திருந்து, வேலுத்தாயின் பக்கத்தில் வந்து நின்றாள். கோபமே இல்லை. இருபது வருஷமாக அறைக்குள் ரகசியம் பேசுகிற அதே குரல்.

"ஏண்டி, நெசத்தச் சொல்லு. நான் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன். உனக்கு எம்புட்டுத் தந்தாக?"

மகளுக்காக என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கரைமேல் ஏறிக்கொண்டிருந்த அந்த இரண்டு பெண்களையும் பார்த்த பிறகு வேலுத்தாய்க்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"ஒண்ணும் தரலடி" என்றாள்.

ராக்காயி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தாள். அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் வேலுத்தாய் இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.